மியூர் ராஞ்சுக்குப் பிறகு 180 கிலோமீட்டர்: ஒரே மூச்சில் நடப்பதா, ஊருக்கு இறங்கி ஏறுவதா?

"அண்ணா, பெர்மிட் கிடைச்சிடுச்சு. சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னுதான் புரியல" என்றபடி வந்தார்கள் எங்கள் தெருவில் இருக்கும் இளம் தம்பதி. கையில் கலிபோர்னியாவின் சியரா மலைத்தொடரில் நடந்தே போகும் நெடும்பாதையான ஜான் மியூர் பாதையின் வரைபடம். ஜூலை 25 அன்று யோசெமிட்டியில் கிளம்பி, 20 நாளில் விட்னி மலையைத் தொட்டு இறங்குவது திட்டம். இருவரும் சைவம். கூடாரம், காலணி, தூங்கும் பை எல்லாம் வாங்கியாயிற்று. உணவு மட்டும் பாக்கி.

இதே கேள்வியோடு கலிபோர்னியாவில் இருக்கும் நம்மவர்கள் சிலர் முன்பும் என்னிடம் வந்திருக்கிறார்கள். நான் இந்தப் பாதையை இரண்டு முறை முழுதாக நடந்திருக்கிறேன். முதல் முறை இரண்டாம் பாதிக்கான உணவு முழுவதையும் ஒரே இடத்தில் எடுத்துத் தூக்கிக்கொண்டு போனேன். அடுத்த முறை நடுவில் ஊருக்கு இறங்கி ஏறினேன். இரண்டின் நல்லதும் கெட்டதும் உடம்புக்குத் தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

## சிக்கல் எங்கே இருக்கிறது

யோசெமிட்டி பள்ளத்தாக்கின் ஹேப்பி ஐல்ஸில் தொடங்கி 4,421 மீட்டர் உயர விட்னி உச்சியில் முடிகிறது பாதை. நீளம் கிட்டத்தட்ட 340 கிலோமீட்டர். உச்சியிலிருந்து விட்னி போர்ட்டலுக்கு இறங்குவதையும் சேர்த்தால் 357. ஒரு நாளைக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 20 நாள்.

முதல் பாதியில் கவலை இல்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ டுவாலமி புல்வெளி வந்துவிடும், அங்கே சாலை இருக்கிறது. ஐந்தாறு நாளில் ரெட்ஸ் மெடோ என்ற விடுதி. அங்கே பொதியை வாங்கி வைக்கிறார்கள், கீழே மாமத் லேக்ஸ் ஊரில் பெரிய மளிகைக் கடையும் இருக்கிறது. டுவாலமி கடை சில வருடங்கள் திறப்பதில்லை, ரெட்ஸ் மெடோ சாலையிலும் அவ்வப்போது வேலை நடக்கும். கிளம்பும் வருடத்தில் இந்த இரண்டையும் விசாரித்துக்கொண்டால் போதும்.

பத்தாம் நாள் வாக்கில், நாம் முன்கூட்டியே அனுப்பும் உணவை வாங்கி வைத்துத் தரும் மியூர் ட்ரெயில் ராஞ்ச் என்ற மலைவிடுதி வருகிறது. பாதைக்கு ஏறக்குறைய நட்டநடு. அதற்கப்புறம் விட்னி போர்ட்டல்வரை சுமார் 180 கிலோமீட்டருக்குச் சாலை ஒன்றுகூடக் குறுக்கே வராது. கடை கிடையாது, வீடு கிடையாது. உயரமான கணவாய்கள் எல்லாம் இந்தப் பாதியில்தான் வரிசை கட்டி நிற்கின்றன: மியூர், மேத்தர், பின்சோ, க்ளென், கடைசியாக 4,000 மீட்டரைத் தாண்டும் ஃபாரெஸ்டர். சுமை அதிகமாக இருக்கும்போதே ஏற்றமும் அதிகம். எல்லோரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இந்தப் பத்து நாளுக்கு நான்கு வழி இருக்கிறது. ராஞ்சிலேயே பத்து நாள் உணவையும் எடுத்துக்கொண்டு நேராகப் போகலாம். ராஞ்சில் ஆறு நாளுக்கு மட்டும் எடுத்து, கியர்சார்ஜ் கணவாய் வழியே ஊருக்கு இறங்கி மீதியை வாங்கலாம். இன்னும் முன்னதாக பிஷப் கணவாய் வழியே இறங்கலாம். இல்லையென்றால் கோவேறு கழுதையிலோ நண்பர் முதுகிலோ உணவை மேலே வரவழைக்கலாம்.

## எதை வைத்து அளப்பது

பலர் முதலில் பணத்தைக் கணக்குப் போடுகிறார்கள். நான் அதை நான்காவதாகத்தான் வைப்பேன்.

முதலாவது, டப்பாவின் கொள்ளளவு. பாதையின் பெரும்பகுதியில் உணவைக் கரடி திறக்க முடியாத உருளை டப்பாவில்தான் வைக்க வேண்டும், அது சட்டம். பலரும் வாங்கும் பேர்வால்ட் 500 என்ற பெரிய டப்பா 11.5 லிட்டர், காலியாகவே ஒரு கிலோவுக்கு மேல் எடை. உணவோடு பற்பசை, சன்ஸ்கிரீன், லிப் பாம், குப்பை என்று வாசனை உள்ள எல்லாமே இரவில் அதற்குள் போக வேண்டும். ஒருவருக்கு ஏழு நாள் உணவு சுலபமாக அடங்கும். ஒன்பது நாள் என்றால் அழுத்தி அழுத்தித்தான் அடைக்க வேண்டும்.

இரண்டாவது, எடை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 800 கிராம் என்று வையுங்கள். பத்து நாளுக்கு 8 கிலோ, ஆறு நாளுக்கு 4.8 கிலோ. வித்தியாசம் 3.2 கிலோதான். சமதளத்தில் இது ஒன்றுமே இல்லை. மேத்தர் கணவாய்க்குக் கீழே ஒவ்வொரு படியிலும் தெரியும்.

மூன்றாவது, தேதிக் கட்டு. எந்த வழி உங்களைக் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இடத்தில் நிற்கச் சொல்கிறது? ஒரு நாள் பிந்தினால் என்ன ஆகும்? முழங்கால் வீங்கினால், காட்டுத்தீப் புகை சூழ்ந்தால், மனசு மாறினால் என்ன செய்வது?

நான்காவது பணம். ஐந்தாவது, யாரும் எண்ணிப் பார்க்காத ஒன்று, நாக்கு. பத்தாம் நாளுக்குப் பிறகு பசி இருக்கும், ஆனால் கையில் இருப்பதைத் தின்னப் பிடிக்காது. தின்னாமல் நடப்பவருக்குத்தான் உடம்பு விட்டுப்போகிறது.

## வழி 1: ராஞ்சில் வாளி, அங்கிருந்து நேராக விட்னி

பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஏற்பாடு எளிது. ஐந்து காலன், அதாவது 19 லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்றை வாங்கி, உணவை நிரப்பி, மூடியை இறுக்கி, பெயரையும் வந்தெடுக்கும் தேதியையும் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். ஃப்ளோரன்ஸ் ஏரியைப் படகில் கடந்து அது ராஞ்சுக்குப் போய்ச் சேரும். எலி புகாமல் இருக்கத்தான் வாளி. அட்டைப்பெட்டியை ஏற்க மாட்டார்கள். ஒரு வாளிக்கு 25 பவுண்டு, அதாவது 11 கிலோ சொச்சம், உச்சவரம்பு. குறைந்தது மூன்று வாரத்துக்கு முன் அனுப்பிவிட வேண்டும்.

இதன் பெரிய பலம் நேரம். ராஞ்ச், பாதையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. போனோம், வாளியைத் திறந்தோம், நிரப்பினோம், கிளம்பினோம் என்று அரை நாளில் வேலை முடிந்துவிடும். அப்புறம் பத்து நாள் காட்டை விட்டு வெளியே வரவே வேண்டாம். அந்த நீண்ட தனிமைக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் வெளிச்சமே படாமல் எவல்யூஷன் பள்ளத்தாக்கிலிருந்து விட்னிவரை போவது ஒரு பெரிய அனுபவம்தான். முதல் முறை எனக்கு அது கிடைத்தது.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன். ராஞ்சின் கட்டணம் 100 டாலரை ஒட்டி இருக்கும், வருடத்துக்கு வருடம் மாறும். தபால் செலவையும் வாளியையும் சேர்த்தால், உள்ளே ஒரு பருக்கை போடும் முன்பே 150 டாலரை நெருங்கிவிடும். இருவருக்குப் பத்து நாள் உணவு 16 கிலோ. ஒரு வாளியின் வரம்பைத் தாண்டுவதால் இரண்டு வாளி, இரண்டு கட்டணம். பயணத்தை இடையில் நிறுத்தினால் உணவும் கட்டணமும் போனதுதான். கேஸ் சிலிண்டரை வாளிக்குள் வைக்கக் கூடாது, ராஞ்சிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய செலவு உடம்பில். பத்து நாள் உணவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், மூன்றாம் நான்காம் நாளில் பாலிசேட் ஓடையை ஒட்டி கோல்டன் ஸ்டேர்கேஸ் என்ற செங்குத்தான ஏற்றம் வரும். பாறையை வெட்டி வளைத்து வளைத்துப் போட்ட படி அது. 1915இல் தொடங்கிய பாதைப் பணி 1938இல்தான் முடிந்தது. கடைசியாக முடிந்த துண்டு இந்த ஏற்றம் என்றால் எவ்வளவு கடினமான பாறை என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை அங்கே ஏறியபோது என் பையில் இன்னும் ஏழு நாள் உணவு இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் நின்றேன். இரண்டாம் முறை மூன்று நாள் உணவோடு ஏறினேன். அதே ஏற்றம்தான், அதே வெயில்தான். ஆனால் நின்றது தண்ணீர் குடிக்கவும் கீழே பள்ளத்தாக்கைப் பார்க்கவும்தான்.

டப்பா இன்னொரு தலைவலி. முதல் நாள் சாப்பாட்டைக் கழித்தாலும் ஒன்பது நாள் உணவு அதற்குள் போயாக வேண்டும். ராஞ்சின் மேசையில் உட்கார்ந்து, அவல் பொட்டலம் ஒவ்வொன்றிலும் குண்டூசியால் குத்திக் காற்றை வெளியேற்றி, கையால் தட்டையாக்கி அடுக்கினேன். சமவெளியில் ஒட்டிய பொட்டலம் மேலே போகப் போகப் பலூன் மாதிரி உப்பிவிடும், அந்தக் காற்றே பாதி இடத்தைத் தின்றுவிடும். முறுக்கை நொறுக்கித் தூளாக்கினேன். அப்படியும் மூடி திருகவில்லை. கடைசியில் ஒரு நாள் உணவை, மற்றவர்கள் விட்டுப்போன பண்டங்களைப் போட்டுவைக்கும் வாளியில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். அந்த ஒரு நாளின் பசி பதினெட்டாம் நாளில் தெரிந்தது.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? நாளொன்றுக்கு 22, 24 கிலோமீட்டர் அலுக்காமல் நடப்பவர்களுக்கு. அவர்களுக்கு இந்த 180 கிலோமீட்டர் எட்டு நாளில் முடிந்துவிடும், டப்பாவும் தாங்கும். விடுமுறை நாள் எண்ணித்தான் கிடைக்கும் என்பவர்களுக்கும் இதுதான் வழி.

## வழி 2: ராஞ்சில் ஆறு நாள் உணவு, கியர்சார்ஜ் வழியே ஊருக்கு

ராஞ்சிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர், ஆறு நாள் நடந்தால், க்ளென் கணவாய்க்கு அப்பால் கிழக்கே ஒரு கிளைப்பாதை பிரியும். புல்ஃப்ராக் ஏரியையோ கியர்சார்ஜ் ஏரிகளையோ ஒட்டிப் போய், 3,580 மீட்டர் உயர கியர்சார்ஜ் கணவாயைக் கடந்து, ஆனியன் வேலி என்ற வாகன நிறுத்தத்தில் இறங்கும். ஒரு வழிக்கு 12 கிலோமீட்டர். அங்கிருந்து இண்டிபெண்டன்ஸ் ஊர் சாலையில் 21 கிலோமீட்டர்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன், அவை சின்னக் குறைகள் அல்ல. போக வர 24 கிலோமீட்டர், எந்த வரைபடமும் உங்கள் கணக்கில் சேர்க்காத தூரம். திரும்பும்போது ஆனியன் வேலியிலிருந்து கணவாய்வரை கிட்டத்தட்ட 780 மீட்டர் ஏற வேண்டும், அதுவும் புதிதாக நிரப்பிய பையோடு. மொத்தம் ஒன்றரை நாள் கூடும், ஓய்வெடுத்தால் இரண்டு. ஆனியன் வேலிக்குப் பேருந்து கிடையாது. வண்டி நிறுத்தும் இடத்தில் யாரையாவது கேட்டு ஏறிக்கொள்ள வேண்டும், அல்லது காசு கொடுத்து வண்டி வரவழைக்க வேண்டும். கோடை வார இறுதியில் ஏறிக்கொள்வது சுலபம், செவ்வாய்க்கிழமை மதியம் காத்திருக்க நேரிடும். மேலே இரவில் ஜாக்கெட் போட்டவர்கள் கீழே ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இறங்கியதும் 37, 38 டிகிரி வெயிலில் நிற்பார்கள். அறை, சாப்பாடு, வண்டி எல்லாம் சேர்த்து, இரண்டாம் முறை என்னோடு வந்தவருக்கும் எனக்கும் 260 டாலர் ஆயிற்று.

இன்னொன்றும் உண்டு. ஊருக்கு இறங்கிய சிலர் திரும்ப ஏறுவதில்லை. மெத்தையும் குளிர்சாதனமும் காலைச் சோம்பலும் சேர்ந்து ஆளை அமுக்கிவிடும். பெர்மிட்டும் தொடர் நடைக்குத்தான். உணவு வாங்க இறங்கி ஏறலாம், ஊரில் நாள்கணக்கில் தங்குவது வேறு. எத்தனை மணி நேரம் வெளியே இருக்கலாம் என்பதைப் பெர்மிட் வாங்கும்போதே ரேஞ்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த வழியைத்தான் முதலில் சொல்கிறேன், முதல்முறை போகும் பத்தில் எட்டுப் பேருக்கு.

காரணம் எளிது. சுமை ஆறு நாளாகவும் நான்கு நாளாகவும் பிரிந்துவிடுகிறது. டப்பா மூடி விரலால் திருகும். மியூர், மேத்தர், பின்சோ, க்ளென் நான்கையும் இலகுவாகத் தாண்டலாம். ஃபாரெஸ்டருக்கும் விட்னிக்கும் நான்கு நாள் உணவுதான், அதுவும் நாக்குக்குப் பிடித்ததாக, நேற்று வாங்கியதாக. கடைசி 67 கிலோமீட்டர்தான் பயணத்தின் மகுடம். அதைப் பசியோடும் எரிச்சலோடும் நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் முறை என்னோடு வந்தது என் மனைவியின் தம்பி. பதினான்காம் நாள், ரே ஏரிக்கரையில், காலை எட்டு மணிக்கு நான் அவலில் வெந்நீர் ஊற்றியபோது, "அத்தான், இனிமே இந்த அவலை என் கண்ணுல காட்டாதீங்க. பட்டினியாவே ஏறிடுறேன்" என்றார். சிரிக்கவில்லை, நிஜமாகவே சொன்னார். முந்தின மூன்று நாளாக அவர் பாதிதான் சாப்பிட்டிருந்தார். க்ளென் கணவாயில் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டார்.

பதினாறாம் நாள் கீழே இறங்கினோம். இண்டிபெண்டன்ஸில் பெரிய கடை கிடையாது. 25 கிலோமீட்டர் தெற்கே லோன் பைனில் மளிகைக் கடை இருக்கிறது, அங்கே போனோம். மோட்டல் அறையில் மைக்ரோவேவில் சூடு பண்ணிய சாதத்தில் கெட்டித் தயிரைக் கொட்டி, உப்புப் போட்டுப் பிசைந்து, பதினாறு நாள் கசியாமல் காப்பாற்றிய எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரித்தோம். மச்சான் மூன்று தட்டு சாப்பிட்டார், பேசவே இல்லை. அப்புறம் ஒரு பீச் பழம். சாறு முழங்கைவரை வழிந்தது. மறுநாள் மதியம் கியர்சார்ஜ் ஏறும்போது எனக்கு முன்னால் போனது அவர்தான்.

இந்தக் கணவாய்க்கு ஒரு கதை உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், லோன் பைன் பக்கத்துக் குன்றுகளுக்குத் தெற்குத் தரப்பு ஆதரவாளர்கள் தங்கள் போர்க்கப்பலின் பெயரால் அலபாமா என்று பெயரிட்டார்கள். 1864இல் அந்தக் கப்பலை மூழ்கடித்த வடக்குத் தரப்புக் கப்பல் கியர்சார்ஜ். இந்தப் பக்கத்துச் சுரங்கக்காரர்கள் உடனே அந்தப் பெயரைத் தங்கள் சுரங்கத்துக்குச் சூட்ட, அது கணவாய்க்கும் ஒட்டிக்கொண்டது. அதற்கெல்லாம் மிக முன்பே ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான பையூட் மக்கள் இந்த மலைத்தொடரின் கணவாய்கள் வழியே மேற்குப் பக்கத்தாரோடு பண்டமாற்று செய்துவந்தார்கள். அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடிக் கல்லும் உப்பும் பைன் கொட்டையும் அந்தப் பக்கம் போகும், ஓக் கொட்டை இந்தப் பக்கம் வரும். இந்த நெடும்பாதையை அவர்கள் நூமூ போயோ, மக்களின் பாதை, என்கிறார்கள். நடுவில் இறங்கி உணவு எடுப்பதைப் பயணத்துக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணவாய்களில் சாமானோடு ஏறி இறங்குவதுதான் பழைய வழக்கம்.

ஊரில் வாங்குவதா, ஊருக்குப் பொதி அனுப்பி வைப்பதா என்பது உள்கேள்வி. பிஷப்பில் பெரிய சூப்பர்மார்க்கெட் இருக்கிறது, ஆனால் இண்டிபெண்டன்ஸிலிருந்து 67 கிலோமீட்டர். 395ஆம் நெடுஞ்சாலையில் ஈஸ்டர்ன் சியரா ட்ரான்சிட் பேருந்து ஓடுகிறது. எண்ணிக்கை குறைவு, எல்லா நாளும் ஓடாது, அட்டவணை பார்த்துத்தான் திட்டமிட வேண்டும். நான்கு நாள் உணவுதானே என்று லோன் பைனிலேயே முடித்துக்கொள்ளலாம்: வேர்க்கடலை வெண்ணெய், டார்ட்டியா, உடனடி சாதம், பாதாம், சீஸ். நம்மூர்ப் பொடிகள் வேண்டுமென்றால் ஒரு சின்னப் பெட்டி அனுப்பிவிடுங்கள். தபால் நிலையத்துக்கு ஜெனரல் டெலிவரியாக, அதாவது நேரில் போய் வாங்கிக்கொள்ளும் முறையில், அனுப்பலாம், 30 நாள்வரை வைத்திருப்பார்கள். வார இறுதியை மட்டும் நம்பாதீர்கள். இங்குள்ள சில விடுதிகள் தங்குபவரின் பொதியை வாங்கி வைக்கின்றன, சொல்லிவைத்தால் ஆனியன் வேலிக்கே வண்டியும் அனுப்புகின்றன. கோடையில் இடம் சீக்கிரம் நிரம்பும்.

## வழி 3: பிஷப் கணவாய்

ராஞ்சுக்கு அப்பால் இரண்டரை நாளில், லெகான்ட் பள்ளத்தாக்கிலிருந்து பிஷப் கணவாய் ஏறி சவுத் லேக்கில் இறங்கும் வழி. டஸி பேசின் அழகான இடம். ஆனால் ஒரு வழிக்கே 20 கிலோமீட்டர். அதோடு ராஞ்சில் எடுத்த உணவு பாதிகூடத் தீராத நேரத்தில் ஊருக்கு இறங்குவதில் பொருள் இல்லை. ராஞ்சுக்கு வாளியே அனுப்பாமல், அதற்கு முன்னால் வரும் வெர்மிலியன் வேலி விடுதியிலோ ரெட்ஸ் மெடோவிலோ எடுத்த உணவோடு வருபவர்களுக்கு மட்டும் இது பயன்படும். உடம்பு முடியாமல் வெளியேற வேண்டிய நேரத்திலும் கைகொடுக்கும் வழி இது. அதற்காகவாவது வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

## வழி 4: கோவேறு கழுதை, அல்லது ஒரு நல்ல நண்பர்

கிழக்குச் சியராவில் குதிரையும் கோவேறு கழுதையும் வைத்துச் சாமான் ஏற்றித் தருபவர்கள் உண்டு. கியர்சார்ஜ் கணவாய் தாண்டிப் பாதைக்கு அருகிலேயே உணவைக் கொண்டுவந்து தருவார்கள். நீங்கள் இறங்கவே வேண்டாம். செலவு சுலபமாக ஆயிரம் டாலரைத் தாண்டும், ஏனென்றால் ஆளுக்கும் விலங்குக்கும் போக வர முழு நாள் கூலி. நான்கைந்து பேர் பகிர்ந்தால் கட்டுப்படியாகும். தேதி மட்டும் கல்லில் வெட்டியது. ஒரு நாள் பிந்தினால் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

நண்பர் கொண்டுவருவது இதைவிட நல்லது, அப்படி ஒரு நண்பர் இருந்தால். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து ஆனியன் வேலிக்குக் காரில் ஆறேழு மணி நேரம். பகலில் ஏறி கியர்சார்ஜ் ஏரிகளில் உங்களைச் சந்தித்து, உணவைக் கொடுத்து, குப்பையை வாங்கிக்கொண்டு அவர் இறங்கிவிடலாம். இரவு தங்கினால் அவருக்கும் பெர்மிட் வேண்டும். இதில் மறைந்திருக்கும் ஆபத்து ஒன்றுதான். சமவெளியிலிருந்து நேரே வந்து 3,500 மீட்டர் உயரத்துக்கு ஏறுபவருக்குத் தலைவலியும் வாந்தியும் வரலாம், உணவு பாதி வழியில் நின்றுவிடும். முதல் நாள் இரவு ஆனியன் வேலியிலேயே தூங்கச் சொல்லுங்கள். பையில் ஒரு நாள் உணவு உபரியாகவும் வைத்திருங்கள்.

## ஒரே பார்வையில்

| | வாளி, நேராக விட்னி | வாளி + கியர்சார்ஜ் ஊர் | பிஷப் கணவாய் | கழுதை / நண்பர் |
|---|---|---|---|---|
| அதிகபட்ச உணவுச் சுமை (ஒருவருக்கு) | 8 கிலோ | 4.8 கிலோ | எங்கே நிரப்பினீர்கள் என்பதைப் பொறுத்து | 4.8 கிலோ |
| கூடும் நடை | 3 கி.மீ. | 24 கி.மீ.க்கு மேல் | 40 கி.மீ. | கொஞ்சம், அல்லது இல்லை |
| கூடும் நாள் | அரை நாள் | ஒன்றரை முதல் இரண்டு | இரண்டு முதல் மூன்று | இல்லை |
| இருவருக்குக் கூடும் செலவு | இரண்டாம் வாளியின் கட்டணமும் தபாலும் | 250 டாலர் சுமார் | அதே அளவு | கழுதை ஆயிரத்துக்கு மேல். நண்பருக்கு ஒரு நல்ல விருந்து |
| தேதிக் கட்டு | குறைவு | நடுத்தரம் (அறை முன்பதிவு) | குறைவு | மிகக் கடுமை |
| நாக்கு | கடைசி வாரம் கஷ்டம் | நன்று | நன்று | நன்று |

## தீ, புகை, மூடல்

முன்பு இதை நான் அளவுகோலாகவே எடுத்ததில்லை. 2020 செப்டம்பரில் க்ரீக் தீ என்ற காட்டுத்தீ மூண்டபோது ராஞ்சுக்குப் போகும் மேற்குப் பக்கக் காடுகள் எரிந்தன. 2021இல் ஆகஸ்ட் 31 தொடங்கிச் சுமார் இரண்டு வாரம் கலிபோர்னியாவின் தேசியக் காடுகள் ஏறக்குறைய முழுவதும் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. இப்படி நடக்கும்போது மூன்று வாரத்துக்கு முன் அனுப்பிய வாளி அங்கேயே இருக்கும், நீங்கள் இங்கே இருப்பீர்கள். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ போகிறவர்கள் எல்லா உணவையும் ஒரே வாளியில் பூட்டி வைக்காமல் பாதியை ஊரில் வாங்குவது, வேறொன்றுக்கு இல்லாவிட்டாலும், இதற்காகவே நல்லது. ஜூலையில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, பதிலுக்குக் கொசு அதிகம்.

## டப்பாவுக்குள் என்ன

வழி எதுவானாலும் இது பொது. 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பச்சரிசியும் துவரம்பருப்பும் அங்கே வேகாது, கேஸ்தான் தீரும். வீட்டிலேயே வேகவைத்து உலர்த்தியதை எடுத்துப் போங்கள், இல்லையென்றால் வெந்நீர் ஊற்றினாலே இறங்குவதை. மெல்லிய அவல், நன்றாக வறுத்த ரவை, சத்துமாவு, உடனடி சாதத்தோடு பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் எங்களுக்குச் சரிப்பட்டன. குறைந்த எடையில் அதிகச் சக்தி தருவதில் நெய்யை மிஞ்ச எதுவும் இல்லை. இரட்டை மூடி போட்ட சின்னக் குப்பியில் 200 கிராம் போதும். கடலை மிட்டாய் டப்பாவின் இடுக்கிலெல்லாம் புகுந்துகொள்ளும். ஒரே காலை உணவைப் பத்து நாள் வைக்காதீர்கள். மூன்று வகை மாற்றி மாற்றி இருக்கட்டும், உறைப்பானது ஒன்றாவது. முதல் மூன்று நாள் உயரத்தால் பசி எடுக்காது, அந்த நாட்களுக்குக் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் பிரித்துக் கட்டுங்கள்.

## அவர்கள் எடுத்த முடிவு

தம்பதியில் கணவருக்கு வலது முழங்காலில் பழைய காயம், அந்தப் பெண்ணுக்கு 20 நாளும் சேர்த்தாற்போல் விடுமுறை கிடைத்திருந்தது, இரண்டு நாள் கூட்டவும் வழி இருந்தது. அரை மணி நேரத்தில் இரண்டாம் வழிக்கு வந்துவிட்டார்கள். இருவருக்கும் சேர்த்து ஆறு நாள் உணவு 9.6 கிலோ, வாளியின் எடையோடும் வரம்புக்குள் வரும், ஆக ஒரே வாளி போதும். ஆகஸ்ட் 3 ராஞ்சில் இருக்க வேண்டும் என்பதால் வாளி ஜூலை 10க்குள் தபாலில் போயாக வேண்டும். மூடியில் எழுத வேண்டிய தேதியைப் பென்சிலால் வரைபட ஓரத்தில் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்து இண்டிபெண்டன்ஸ். விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் அவர்கள் இறங்கும் ஆகஸ்ட் 9 ஞாயிற்றுக்கிழமை. தபால் நிலையம் பூட்டியிருக்கும். அதனால் புளிக்காய்ச்சலும் பொடியும் வைத்த சின்னப் பெட்டியைத் தங்கப்போகும் விடுதி முகவரிக்கே அனுப்பச் சொன்னேன். மறுநாளே தொலைபேசியில் அறை பதிந்துவிட்டார்கள். ஆனியன் வேலிக்கு மதியம் மூன்று மணிக்கு வண்டி வரும்.